ரன்வை எடுத்து வைத்த நுரை

ஓட்மண்ட் என் வீட்டு வாசலில் வந்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கதவைத் திறக்காமலே இருந்தேன். அவனை விட்டுப் பிரிந்து, மலையிலிருந்து கீழே படகுத்துறைக்குப் பக்கத்தில் நான் குடிவந்து வருடக்கணக்காகிறது. இத்தனை வருடத்தில் அவன் இந்தப் படி ஏறியதில்லை. எங்கள் மகள் ரன்வை பெர்கன் நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது கட்டிலின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனுமாக உட்கார்ந்திருந்தோம். அப்போதுகூட ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இருவரும் நர்ஸைப் பார்த்துத்தான் சொன்னோம். எங்கள் உறவு அந்த லட்சணத்தில் இருந்தது.

கதவைத் திறந்தேன்.

"உங்கிட்ட அந்த ஜாடி இருக்கா?" என்றான். நலம் விசாரிக்கிற பழக்கம் அவனுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

"எந்த ஜாடி?"

"தெரியாத மாதிரி கேக்காத யோருன். கிறிஸ்துமஸ் பீருலேர்ந்து அவ எடுத்து வெச்ச ஈஸ்ட்டு."

"உனக்கும்தான ஒண்ணு குடுத்தா?"

"செத்துப்போச்சு," என்றான். சொல்லிவிட்டு அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்பதுபோல நின்றான். பிறகு மெதுவாக, "நான் பெர்கன்ல அவகூடவே இருந்தேன்ல. புயல்ல கரண்டு போயி, யாரும் பாக்கல. நேத்து ஃபிரிட்ஜத் திறந்தா எலி செத்த நாத்தம்," என்றான்.

எங்கள் மலையில் கடை ஈஸ்ட் வாங்கி யாரும் பீர் காய்ச்சுவதில்லை. காய்ச்சிய பீரின்மேல் திரண்டு வரும் நுரையை வழித்து ஜாடியில் எடுத்து வைப்போம்; அடுத்த முறை அதையே விடுவோம். அந்தப் பீரிலிருந்து மறுபடி வழித்து வைப்போம். ஓட்மண்டின் வீட்டு ஈஸ்ட் இப்படி எத்தனை தலைமுறையாக வருகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடமாக அது ரன்வையின் ஈஸ்ட். பள்ளிக்கூடம் முடித்த கையோடு காய்ச்சும் கரண்டியை அப்பாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டவள் அவள். ஒவ்வொரு முறையும் இரண்டு ஜாடி எடுத்து, ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு என்று தருவாள். "ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் கண்டிப்பா சொதப்புவீங்க. அதுக்குத்தான்," என்பாள். நான் பீரே காய்ச்சுவதில்லை. ஆனாலும் ஜாடியை வாங்கி வைத்துக்கொள்வேன். மகள் தந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"சனிக்கிழமை அடக்கம். வர்றவங்களுக்குக் குடுக்கணும்," என்றான் ஓட்மண்ட். "ஈஸ்டருக்குன்னு அவ வாங்கின பார்லி மால்ட்டு அப்படியே இருக்கு. அவ எடுத்து வெச்ச ஈஸ்ட்டுல அவளுக்குக் காய்ச்சணும். வேற ஒண்ணும் நான் உங்கிட்ட கேக்கல."

"ஜாடிய உங்கிட்ட குடுக்கமாட்டேன்," என்றேன்.

அவன் முகம் விழுந்துவிட்டது.

"நானே கொண்டுட்டு வரேன். விடியறதுக்குள்ள அடுப்பப் பத்த வெச்சிடு. எப்பவும்போல தூங்கிடாத."

மறுநாள் நான் போனபோது காய்ச்சும் கொட்டகையில் புகை போய்க்கொண்டிருந்தது. வாசனைக்காக ஜூனிப்பர் மரக்கிளைகளைப் போட்டு அண்டாவில் தண்ணீர் கொதித்தது. மகளை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு அம்மாவும் அப்பாவும் பீர் காய்ச்சுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சவப்பெட்டிக்குப் பூ வாங்குவது கடைக்காரனுடைய வேலை. பீர் காய்ச்சுவது எங்களுடைய வேலை. எதையாவது தூக்கவும் இறக்கவும் இருந்ததால்தான் அன்றைக்கு நான் நிமிர்ந்து நின்றேன்.

காலை முழுக்க சண்டைதான். விறகு அதிகம் என்றேன் நான். உனக்கு என்ன தெரியும் என்றான் அவன். மால்ட்டில் தண்ணீரை வேகமாக ஊற்றுகிறாய் என்றேன். அப்படியானால் நீயே ஊற்று என்று கரண்டியை நீட்டினான். பக்கத்துப் பண்ணை குட்ரூன் காபியும் ரொட்டியும் கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டிய ஒற்றைக்கட்டை. அவளுக்குத் தெரியாமல் இந்த மலையில் ஒரு பசு கன்று போட முடியாது.

"நல்லாருக்கு," என்றாள். "நீ போனதுலேர்ந்து இந்தக் கொட்டா செத்த வீடு மாதிரி கெடந்துச்சு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது அவளுக்கு. காபிச் சட்டியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினாள். "என் நாக்க இழுத்து வெச்சு அறுக்கணும்," என்று முனகிக்கொண்டே போனாள்.

மதியத்துக்கு மேல் மால்ட்டின் சாறு இறங்கியது. கெட்டியாக, பழுப்பாக, தேன் மாதிரி இனிப்பாக. அதைக் கேன்களில் பிடித்து ஓடைத் தண்ணீரில் இறக்கி ஆறவைத்து, பிறகு பெரிய மரத்தொட்டியில் கொட்ட வேண்டும். அது ஓட்மண்டின் வேலை. நான் ஜாடியைத் திறந்தேன்.

மூடியை மெதுவாகத் திருகினேன். அது கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்ற பயம். மேலே பழைய பீர் தெளிந்து நின்றது. அடியில் சந்தன நிறத்தில் ஈஸ்ட் படிந்திருந்தது. மோந்து பார்த்தேன். ஆரஞ்சுத் தோலின் வாசனை. ஜாடியின் வாயில், உள்பக்கமாக, காய்ந்த நுரையில் ஒரு விரல் இழுத்த தடம் இருந்தது. வழித்துப் போட்டபோது விளிம்பில் ஒட்டியதை ரன்வை விரலால் துடைத்துவிட்டிருக்கிறாள். நான் அந்தத் தடத்தின்மேல் என் விரலை வைத்துப் பார்க்கவில்லை. வைத்தால் அழிந்துவிடும்.

மேலே நின்ற பீரை வடித்துவிட்டு, ஆறிய சாறு ஒரு கரண்டி விட்டுக் கலந்து, அடுப்புப் பக்கமாகக் கதகதப்பில் வைத்தேன். அரை மணி ஆகவில்லை. அது விழித்துக்கொண்டது. முதலில் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள், பிறகு மேல்முழுக்க நுரை ஏறி ஜாடியின் கழுத்துவரை வந்தது. மாதக்கணக்கில் இருட்டில் கிடந்தது இப்படிப் பொங்குவதைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். பெர்கனில் அழவில்லை. அங்கே நர்ஸ்கள் இருந்தார்கள், ஓட்மண்ட் இருந்தான். இங்கே ஒரு ஜாடியின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

"ரெடியா?" என்றான் ஓட்மண்ட் தொட்டிப் பக்கமிருந்து.

"இது ரெடி. அங்க சூடு பாத்தியா?"

ரன்வை ஒரு தெர்மாமீட்டர் வைத்திருந்தாள். அது அவள் அறையில் இருந்தது. அந்த அறைக் கதவை இரண்டு பேருமே திறக்கவில்லை. அதை எடுத்து வா என்று நானும் சொல்லவில்லை. ஓட்மண்டுக்குத் தன் கைதான் அளவு. மணிக்கட்டுவரை விட்டுப் பார்ப்பான். அப்போதுதான் கறந்த பாலின் சூடு இருக்க வேண்டும். எங்கள் ஈஸ்ட்டுக்கு அந்தச் சூடு பிடிக்கும், அதற்கு மேல் போனால் வெந்துவிடும். அவன் கை தப்பு சொல்லி நான் பார்த்ததில்லை. அவனிடம் நான் குறை சொல்லாத ஒரே விஷயம் அதுதான்.

சட்டைக் கையை மடித்துவிட்டு, கையை உள்ளே விட்டான். சுவரைப் பார்த்தபடி நின்றான். கையை எடுக்கவே இல்லை.

"போன வருஷம் இதே எடத்துல நின்னுட்டு, 'அப்பா, ஒங்க கையக் கழுவினீங்களா'ன்னு திட்டினா," என்றான்.

"சூடு எப்படி இருக்கு?"

"சரியா இருக்கு."

ஜாடியைத் தூக்கினேன். ஒரு வாயளவு அடியில் மிச்சம் வைக்க வேண்டும். இது எங்கள் வீடுகளில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்தத் தடவை பீர் கெட்டாலும் விதை தங்க வேண்டும்; எவ்வளவு அவசரமானாலும் முழுவதையும் விடக்கூடாது. நான் பாதிக்கு மேல் ஊற்றிவிட்டு நிமிர்த்தினேன்.

"எல்லாத்தையும் ஊத்து," என்றான் ஓட்மண்ட்.

"கொஞ்சம் இருக்கட்டும்."

"எதுக்கு? அடுத்து யாரு காய்ச்சப் போறா? அவ எடுத்தது மொத்தமும் அவளுக்கே போகட்டும் யோருன்."

இத்தனை வருட வாழ்க்கையில் அவன் சொன்ன எதற்கும் நான் உடனே தலையாட்டியதில்லை. அன்றைக்கு ஆட்டினேன். அவன் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. ஜாடியைக் கவிழ்த்து, சாற்றை விட்டு அலசி, விரல் தடத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றினேன்.

ஈஸ்ட் உள்ளே போகிற நேரத்தில் யாராவது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். எவ்வளவு பலமாகக் கத்துகிறோமோ பீர் அவ்வளவு வீரியமாக வரும் என்பது இங்கே வழக்கம். ரன்வை கத்தினால் குட்ரூனின் நாய் பதிலுக்குக் குரைக்கும். சத்தம் கீழே ஃபியோர்டின் கடல் தண்ணீரைத் தாண்டி அக்கரை மலையில் பட்டுத் திரும்பி வரும். ஓட்மண்ட் வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. என்னைப் பார்த்தான்.

"நீ கத்து."

கத்தினேன். கோழி விரட்டுகிற மாதிரி இருந்தது. நாய்கூடச் சட்டை பண்ணவில்லை.

மூடி போடுவதற்காக அவன் இரண்டு கையையும் நீட்டியபோதுதான் பார்த்தேன். வலது கை மணிக்கட்டுவரை செக்கச்செவேலென்று இருந்தது. விரல் நுனிகளில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"உன் கைக்கு என்ன?"

அவன் அப்போதுதான் தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் மூடியைத் தள்ளிவிட்டு என் கையைச் சாற்றில் விட்டேன். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தேன். கேன்களை ஓடையில் சரியாக ஆறவிடாமலே கொட்டியிருக்கிறான். வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்தது.

"இதுவா பால் சூடு? இது கோழி மயிர் பிடுங்கற சூடுடா. உனக்கு உறைக்கலியா?"

"தெரியல," என்றான். "ஒண்ணும் தெரியல யோருன்."

வெளியே ஓடி, பனியைக் கேன்களில் அள்ளி அடைத்து, மூடி, தொட்டிக்குள் இறக்கினோம். இன்னும் இன்னும் இறக்கினோம். அவன் அந்தக் கையாலேயே பனி அள்ளினான். நான் தடுக்கவில்லை, எனக்கு அவன்மேல் அவ்வளவு கோபம். சாறு சீக்கிரமே ஆறியது. ஆனால் ஈஸ்ட் முதலிலேயே அந்தக் கொதியில் விழுந்துவிட்டது.

சாயங்காலம் தொட்டியில் காதை வைத்துக் கேட்டேன். நல்ல ஈஸ்ட்டாக இருந்தால் இந்நேரம் கூரையில் தூறல் விழுவதுபோல உள்ளே சத்தம் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. ஓட்மண்ட் மறுபக்கம் காதை வைத்தான். எங்கள் முகங்களுக்கு நடுவே அந்தத் தொட்டி இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, "ஏதோ கேக்குது," என்றான். எதுவும் கேட்கவில்லை என்று அவனுக்கும் தெரியும். நான் அவன் கைக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டேன்.

காலையில் மூடியைத் திறந்தோம். சாறு அசையாமல் கிடந்தது. மேலே ஒரு குமிழ் கூட இல்லை. எங்கள் முகம் இரண்டும் அதில் தெரிந்தது. நுனிநாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிப்பு அப்படியே இருந்தது.

ஓட்மண்ட் மண் தரையில் உட்கார்ந்துவிட்டான். "மறுபடியும் கொன்னுட்டேன்," என்றான்.

"நீ யாரையும் கொல்லல. அவளுக்கு வந்தது நோய்."

"என் ஜாடி. இப்ப உன் ஜாடி. அவ கையால செஞ்சது ரெண்டே ரெண்டு இருந்துச்சு."

அவன் சொன்னதுதான் உண்மை. அவள் வழித்தெடுத்து மூடி வைத்ததில் இப்போது உலகத்தில் ஒரு துளி இல்லை. மிச்சம் வைக்கப்போன ஜாடியை நானே கவிழ்த்தேன்.

புகை வராததைப் பார்த்து குட்ரூன் வந்தாள். தொட்டியை எட்டிப் பார்த்தாள், ஓட்மண்டின் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் திரும்பிப் போனாள். சற்று நேரத்தில் ஒரு ஜாடியோடு வந்தாள்.

"எடுத்துட்டுப் போ," என்றான் ஓட்மண்ட்.

"இது உங்க வீட்டு ஈஸ்ட்டுதான்டா. எனக்குப் புளிச்சுப்போனப்ப உங்கப்பன்தான் குடுத்தாரு. மறந்துட்டியா?"

"அவ கை பட்டதில்ல இது."

"அவ கை படல, சரி. இந்தச் சாறு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வினிகராயிடும், அப்ப என்ன பண்ணுவ? சனிக்கிழமை பொண்ண மண்ணுல வெச்சிட்டு வர்றவனுக்கு ஓடத் தண்ணியா குடுப்ப?"

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குட்ரூன் என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. உன் பொண்ணு வெறும் டம்ளரோட ஆளுங்கள அனுப்புவாளா?"

அனுப்பமாட்டாள். போஸ்ட்மேனுக்கே கிண்ணம் நீட்டுகிறவள் அவள். நான் எழுந்து ரன்வையின் அறைக்குப் போனேன். கட்டிலைப் பார்க்காமல் மேஜையிலிருந்த தெர்மாமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு கேன் வெந்நீரைத் தொட்டியில் இறக்கி, தெர்மாமீட்டர் பால் சூட்டைக் காட்டும்வரை காத்திருந்து, குட்ரூனின் ஜாடியிலிருந்து ஊற்றினேன். அடியில் மிச்சம் வைத்தேன். குட்ரூன்தான் கத்தினாள். கிழவியின் தொண்டையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் நாயே பயந்துபோய்க் குரைத்தது. அந்தச் சத்தத்தில் வெளியே நடக்கிற சத்தம் நின்றது.

பொழுது சாய்வதற்குள் நுரை பொங்கி மூடியைத் தூக்கியது. எனக்கு அந்த நுரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவ்வளவு உற்சாகம் எதற்கு அதற்கு? யார் செத்தார்கள், யார் ஊற்றினார்கள் என்று எந்தக் கவலையும் இல்லாமல் பொங்கியது. அடுத்த நாள் குட்ரூன் மேலாக நுரையை வழித்து இரண்டு ஜாடியில் போட்டு ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். எனக்கு வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

சனிக்கிழமை மழை. சர்ச்சிலிருந்து எல்லோரும் மலையேறி வந்தார்கள். ரன்வையோடு படித்தவர்கள், ஆஸ்பத்திரியில் கூட இருந்த ஒரு பெண், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு அவள் சிரித்து அனுப்பிய இரண்டு பையன்கள். வர்ணம் பூசிய மரக்கிண்ணத்தில் பீரை ஊற்றி நான்தான் ஒவ்வொருவரிடமும் நீட்டினேன். குடித்துவிட்டு எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "அப்படியே ரன்வை காய்ச்சின மாதிரி." "அவளோட பீருதான்." "கண்ண மூடிக்கிட்டுக் குடிச்சா அவளேதான்." என் மனது ஆறட்டும் என்றுதான் சொன்னார்கள். நான் கிண்ணத்தை நிரப்பி அடுத்தவரிடம் நீட்டினேன்.

எல்லோருக்கும் கொடுத்து முடித்த பிறகு நானும் குடித்தேன். அவர்கள் சும்மா சொல்லவில்லை. அதே ஆரஞ்சு மணம், அதே இனிப்பு, கடைசியில் ஜூனிப்பரின் அதே லேசான கசப்பு. எதிலும் ஒரு இம்மி குறையவில்லை. அவள் கைப்பக்குவம் என்று நான் இத்தனை வருடம் ஊரெல்லாம் பெருமையடித்ததில் அவள் கை இல்லாமலே எல்லாம் வந்திருந்தது. மறுபடி குடித்துப் பார்த்தேன். ஏதாவது ஒன்று, ஒரு சின்னக் குறை, கிடைக்காதா என்று நாக்கில் தேடினேன். கிடைக்கவில்லை.

ஓட்மண்ட் கூடத்து மூலையில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யார் கொடுத்தும் அவன் குடிக்கவில்லை. நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இடது கையால் வாங்கினான். ஒரு வாய் குடித்தான். வெகுநேரம் விழுங்காமல் வைத்திருந்தான். விழுங்கிவிட்டுக் கிண்ணத்துக்குள் பார்த்தான். அதே ருசிதான் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது.

என் பக்கம் திரும்பினான். மகள் கண்ணை மூடிய அன்றுகூட அவன் என்னை அப்படிப் பார்க்கவில்லை.

"யோருன்," என்றான். "அவளோடது மாதிரி இல்லல்ல?"

"இல்ல," என்றேன். "அவளோடது மாதிரி இல்லவே இல்ல."

"ஏதோ கொறையுது."

"ஆமா. மொத வாயிலயே தெரிஞ்சுது."

தலையை ஆட்டினான். கண்ணீர் தாடி வழியாக இறங்கிக் கட்டின்மேல் விழுந்தது. கிண்ணத்தை என்னிடம் நீட்டினான். நான் வாங்கி, இன்னும் ஒரு வாய் குடித்துவிட்டு, அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.